இத்தாலிக் கம்பியும் வடக்கத்திக் கம்பியும்

இதுவும் வளைகிறது. இழுக்கும்போது நேராகத்தான் வந்தது, சூடு இருக்கிறவரை நல்ல பிள்ளை மாதிரி நின்றது, ஆறியதும் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து வில்லாகிவிட்டது. அப்படியானால் இந்தப் பச்சைக் கண்ணாடிக் கம்பி வடக்கத்தி. கீழ்த்தட்டு. எழுந்து போய் வைக்க வேண்டும். முட்டி மடங்க மாட்டேன் என்கிறது, நாலைந்து சேரட்டும், மொத்தமாக வைக்கலாம், இல்லை, மொத்தமாக என்று மேசையில் போட்டால் மறுபடியும் கலந்து போகும், எழுந்திரு தமயந்தி, இப்போதே வை. வைத்தாயிற்று. அடுத்தது. டம்ளரில் நிற்கும் இந்த நிறமில்லாத துண்டு இத்தாலிக் கம்பி, அதில் சந்தேகமில்லை, பர்னருக்குப் பக்கத்தில் என் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்ததால் அது ஒன்றுதான் தப்பித்தது. இதன் முனையையும் சந்தேகப்படுகிற கம்பியின் முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருக்கி ஒட்டி, குறட்டால் பிடித்து நூலாக இழுக்க வேண்டும். ஆறிய பிறகு நூல் நேராக நின்றால் இரண்டும் ஒரே குணம். வளைந்தால் ஒன்று அதிகமாகச் சுருங்குகிறது, ஒன்று குறைவாகச் சுருங்குகிறது, இரண்டுக்கும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இரண்டை ஒரே மணியில் சேர்த்துவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மினுமினுவென்று இருக்கும். ராத்திரியோ, மறுநாளோ, வாங்கிப்போனவள் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதோ, டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். தடிமனைப் பார்த்தே பாதிக் கம்பிகளைப் பிரித்துவிட்டேன், வடக்கிலிருந்து வருவது கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும், கை தடவினாலே தெரியும். தடவியும் தெரியாத மீதிப் பாதிதான் இப்படி உயிரை வாங்குகிறது. பர்னருக்கு ஆக்சிஜன் ஊட்டுகிற மெஷின் பின்னால் மூச்சு விடுகிறது. அதை வாங்கி வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாடை வருகிறது என்று சொன்னேன், மெஷினுக்கு ஏது வாடை என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். வாடை இல்லை, சத்தம்தான். யாரோ படுக்கையில் கிடக்கிற சத்தம்.

டிக் என்று நானே கேட்டேன். செவ்வாய்க்கிழமை, இல்லை, புதன். மணிகளைச் சூளையிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பல்லி என்றுதான் நினைத்தேன். கிண்ணத்தில் பார்த்தால் நாள்முழுக்க உட்கார்ந்து செய்த நீல மணிகளில் பாதிக்குமேல் குறுக்கே கோடு விழுந்து கிடக்கிறது. சூளை சரியாகச் சூடேறவில்லையோ, கரண்ட் போய்வந்ததோ என்று அதையும் இதையும் யோசித்துவிட்டு, கடைசியில்தான் அலமாரியைப் பார்த்தேன். பார்த்ததும் முதலில் என்ன நினைத்தேன் என்று சொன்னால் வெட்கம், எவ்வளவு அழகு என்றுதான் நினைத்தேன். இந்தக் கோடியில் சிவப்பு, அதற்குப் பிறகு அரக்கு, அரக்கு கறுத்துக் காப்பிப்பொடி நிறம், அது மெல்லப் பாசிப்பச்சையாகி, கிளிப்பச்சையாகி, மயில்கழுத்தாகி, அந்தக் கோடியில் கத்தரிப்பூ. குழாய் குழாயாக வானவில். அதற்குப் பிறகுதான் தட்டுகளைப் பார்த்தேன். மேல்தட்டு இல்லை, கீழ்த்தட்டு இல்லை, இத்தாலி இல்லை, வடக்கு இல்லை, எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது. இந்த அலமாரியைச் செய்ததே அவர்தான். பிளம்பர் மிச்சம் வைத்துப் போன பிவிசி குழாயை முழம் முழமாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கண்ணாடிக் கம்பி உருண்டு விழாதபடி பின்பக்கம் சாய்வு கொடுத்து, பாங்கில் வேலை பார்த்த மனுஷனுக்கு இவ்வளவு கைவேலை தெரியுமா என்று நானே அசந்துபோனேன். வீட்டுக்கு வருகிற யாரையும் விட மாட்டார். துணி துவைக்கிற இடமாக இருந்த இந்தப் பின்கட்டுக்குக் கூட்டி வந்து, ஏதோ தானே உட்கார்ந்து மணி செய்கிறவர் போல, மேலே இருப்பது இத்தாலி, கீழே இருப்பது வடக்கு, ரெண்டும் சேரவே கூடாது என்று பாடம் நடத்துவார். கல்லூரி ஆய்வகத்தில் காலமெல்லாம் சோதனைக்குழாய் கழுவி ஓய்வு பெற்றவள் நான், என்னைவிட இவருக்குத்தான் இதில் பெருமை. அப்படிப்பட்டவர். கூப்பிட்டேன். யார் இதைக் கலைத்தது என்றேன். வாசல்படியில் நின்று அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அலமாரியைப் பார்த்தார். "நான்தான் தமா. நீ மதியம் அசந்து தூங்கிட்டே. பாக்க அழகா இருக்கட்டுமேன்னு அடுக்கினேன்." நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். மேல் எது கீழ் எது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் உங்களுக்கு, புத்தி எங்கே போச்சு என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தக் குனிந்த தலையில்தான், கத்திக்கொண்டிருக்கும்போதே, எனக்குப் பயம் பிடித்தது.

நேராக நிற்கிறது. இது இத்தாலி, மேல்தட்டு. பயம் என்றால், புதுப்பயம் இல்லை, அதற்கு முன்பே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த பயம்தான். வீட்டுச் சாவி அரிசி டப்பாவுக்குள் கிடைத்தது. யார் வைத்தது என்று கேட்டதற்குச் சிரித்தார், நானாத்தான் இருக்கும் என்றார். பால் பொங்கிப் பாத்திரம் கரியாகி வீடே நாறியது, நாந்தான் பாத்துக்கிறேன்னு சொன்னேன், மறந்துட்டேன் என்றார். சொன்னாரா? அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை, ஆனால் அவர் சொன்னதாகச் சொல்லும்போது எப்படி இல்லையென்பது. இப்போதெல்லாம் சமையல் முடிந்த உடனே வந்து கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போகிறார், மறந்துவிடுவோம் என்று அவருக்கே பயம் போல. முனைக் கடைக்குப் போனால்கூட நானும் வர்றேன் என்று செருப்பை மாட்டிக்கொள்கிறார், தனியாக வீட்டில் இருக்க முடியவில்லை, பாவம். இந்த வயதில் மனுஷனைக் குழந்தையாக்கிவிடுகிறது அது. அதற்குப் பெயர் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பக்கத்துத் தெரு கணக்கு வாத்தியாருக்கு வந்ததே, பெற்ற பிள்ளையைப் பார்த்து நீங்க யாரு சார் என்று கேட்டாரே, அது. அவர் மனைவி காவேரிப் பாலத்தில் நின்று அழுததாகச் சொன்னார்கள். நான் அழ மாட்டேன். நான் பார்த்துக்கொள்வேன். குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன், நீங்க யாரு என்று என்னைக் கேட்டால்? கேட்டால் என்ன, சொல்வேன். நான் தமயந்தி, உங்க பெண்டாட்டி, காலையில் சொன்னேனே என்பேன். தினமும் சொல்வேன். நரம்பு டாக்டருக்கு டோக்கன் போடச் சொன்னேன். முரண்டு பிடிப்பார் என்று நினைத்தேன், சரி என்றார், போனை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டும் வந்தார், வியாழக்கிழமை. நீயும் கூட வரணும் என்றார். வராமல்? உங்களைத் தனியாக அனுப்பிவிட்டு நான் இங்கே மணி கோத்துக்கொண்டிருப்பேனா என்றேன். பூரணியிடம் சொல்ல வேண்டும். புனேயில் உட்கார்ந்துகொண்டு தினமும் அப்பாவுக்குத்தான் போன் செய்கிறாள், இவரும் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். அப்பாவும் மகளும் அப்படி என்னதான் பேசுகிறார்களோ. நான் மாடிப்படியில் ஏறினால் பேச்சு மாறுகிறது, மழை பெய்யுதா அங்க என்கிறார். இங்கேதான் மழை. தகரத்தின் மேல் விழ ஆரம்பித்துவிட்டது.

"காப்பி" என்று டம்ளரை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். இப்போதுதானே கொடுத்தீர்கள், அதற்குள் மறந்துபோச்சா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பின்னே அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "இப்பத்தானே குடிச்சேன்."

"அப்படியா. சரி, நான் குடிச்சிக்கிறேன்." டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எவ்வளவு ஆச்சு?"

"பாதி ஆச்சு. நீங்க பண்ணி வச்ச வேலைக்கு தீபாவளிவரைக்கும் உக்காரணும்."

"நான் ஏதாவது எடுத்துக் குடுக்கட்டுமா?"

"நீங்க செஞ்சது போதும். போய் உக்காந்து பேப்பர் படிங்க."

போகிறார். செருப்பில்லாத காலை ஈரத்தில் வைத்து வைத்துப் போகிறார். ஏன் இப்படிக் கடித்து விழுகிறேன், இனிமேல் ஒரு சொல் கடிந்து பேசக் கூடாது என்று காலையில்தானே நினைத்தேன். மேசையில் காப்பி டம்ளர் எங்கே? குடித்தால் இங்கேதானே வைத்திருப்பேன். அவர் எடுத்துப் போயிருப்பார். எடுத்துப் போகும்போது கையில் ஒரு டம்ளர்தான் இருந்தது. முன்னாலேயே எடுத்துப் போயிருப்பார். வாயில் காப்பி ருசி இல்லை, ருசி எவ்வளவு நேரம் நிற்கும், விடு. அடுத்த கம்பி. அரக்கு. கல்யாணத்துக்கு அரக்குப் பட்டுதான் எடுத்தார்கள் எனக்கு. முதல் ராத்திரி இவர் பேச ஒன்றும் கிடைக்காமல், உனக்குப் பச்சை நல்லா இருக்கு என்றார். பச்சையா? என் புடவையை நானே குனிந்து பார்த்தேன். கேலி செய்கிறாரா, பைத்தியமா என்று தெரியாமல் விழித்தேன். அப்புறம்தான் சொன்னார், பாவம், முகம் சுண்டிப்போய்ச் சொன்னார். ரயில் ஓட்டத்தான் ஆசையாம். பொன்மலையில் பிறந்த பையனுக்கு வேறென்ன ஆசை வரும். பரீட்சை எல்லாம் தேறி, கண் சோதனையில் புள்ளி புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்களாம், எண்ணே இல்லையே சார் என்றாராம். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுதான், இரண்டும் ஏதோ ஒரு மண்நிறமாம். ரயிலுக்குப் பதில் கூட்டுறவு பாங்கு. பூரணி சின்ன வயதில் அவரை வைத்து விளையாடுவாள், அப்பா இது என்ன கலர், இது என்ன கலர் என்று கிரேயானை நீட்டி நீட்டிக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள், அவரும் சளைக்காமல் தப்புத் தப்பாகச் சொல்வார். இப்போதும் தக்காளி வாங்க விட்டால் காயும் பழமும் கலந்துதான் வரும். நான்தான் அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பேன், நான்தான் சிக்னலில் போங்க என்பேன். மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்பதை வைத்து அவருக்கே தெரியும், ஆனாலும் நான் சொல்வேன்.

அரக்கு நூல் நேராக நிற்கிறது, இத்தாலி. இதற்குப் பக்கத்துக் குழாய் காப்பிப்பொடி. அதற்குப் பக்கத்துக் குழாய் பாசிப்பச்சை. காப்பிப்பொடிக் குழாயில் கையை விட்டு ஒரு பிடி உருவுகிறேன். பர்னர் வெளிச்சத்துக்குப் போட்டிருக்கும் ஊதா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். ஒன்றுகூடத் தப்பில்லை. ஒரு பச்சைகூட இதில் நுழையவில்லை. பாசிப்பச்சையில் ஒரு காப்பிப்பொடிகூட இல்லை. அதிலும் அடர்த்தி குறையக் குறைய ஒழுங்காக, ரவிக்கைத் துணிக்கடைக்காரன் அடுக்குகிற மாதிரி. பொறுமையாகச் செய்திருக்கிறார். எப்படிச் செய்தார். வெளிச்சம் நன்றாக இருந்திருக்கும். வெளிச்சத்துக்கும் இதற்கும் என்ன. குழாயில் இருந்தபடியே எடுத்து வைத்திருப்பார், முன்னாலும் ஒரு குழாய்க்கு ஒரு நிறம்தானே. இல்லை, பழைய அரக்குக் குழாயிலும் பச்சைக் குழாயிலும் நான் பிடிபிடியாக வைத்திருந்த வரிசை வேறு, இது வேறு, மேலே இருந்ததும் கீழே இருந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்து நிறம் பார்த்து ஜோடி சேர்ந்திருக்கிறது. யாரையாவது கூப்பிட்டு வைத்துக் கேட்டிருப்பார். யாரை? வேலைக்காரம்மா நின்று போய்த் தீபாவளி வந்தால் ஒரு வருஷம். அடுத்த கம்பியை எடு. எடுக்கிறேன். வலது கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி. இது கத்தி பட்டது, பூண்டு உரிக்கும்போது. பூண்டு உரிக்கக் கத்தி எதற்கு. பூண்டை நகத்தால்தானே உரிப்பேன், எப்போதும். பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்க்கிறேன், மெல்லிய கீறல், கம்பி உடைந்த முனை குத்தினால் இப்படித்தான் பிறைபோலக் கீறும், எத்தனை தடவை பட்டிருக்கிறேன். யார் ஒட்டியது? அவர் ஒட்டினார். கையைப் பிடித்து, ஒன்னுமில்ல ஒன்னுமில்ல என்று சொல்லிக்கொண்டே ஒட்டினார். நான் அப்போது எங்கே உட்கார்ந்திருந்தேன்? இங்கே. தரையில். காலை நீட்டிக்கொண்டு. என்னைச் சுற்றிலும் கம்பி. வெயில் அடித்தது, கம்பியெல்லாம் ஜொலித்தது, நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன், ஏதோ பண்டிகைக்கு முதல் நாள் போல. கனவு என்றுதான் அதை வைத்திருந்தேன். மதியத்தூக்கத்தில் வந்த கனவு.

வேண்டாம், இப்படி யோசிக்காதே. மறுபடி முதலிலிருந்து யோசி. ஆய்வகத்தில் பெண்களுக்குச் சொல்வேனே, விடை தப்பாக வந்தால் படியை ஒவ்வொன்றாகப் பார் என்று. இந்த அலமாரியை அடுக்கினவருக்கு நிறம் தெரியும், எது எந்தக் கண்ணாடி என்று தெரியாது. என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி தெரியும், நிறம் தெரியாது. அவ்வளவுதான் படி. வேறு படி இல்லை. அடுக்கும்போது எனக்குக் கண்ணாடி தெரியாமல் போயிருக்கிறது. நான் செய்கிற வேலை, நான் தொட்டுத் தொட்டுக் கற்றது, மேல் எது கீழ் எது என்பது, ஒரு மதியம் முழுக்க எனக்குள் இல்லாமலே இருந்திருக்கிறது, இல்லாதது எனக்குத் தெரியாமல் நான் சந்தோஷமாக வேறு இருந்திருக்கிறேன். அவர் வாசல்படியில் வந்து நின்று பார்த்திருப்பார். சேரக் கூடாததெல்லாம் சேருகிறதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், கீறிய விரலுக்குப் பிளாஸ்திரி எடுக்கப் போயிருப்பார். அப்புறம் நான் கத்தினேன். புத்தி எங்கே போச்சு என்று கேட்டேன். சாவி. பால். ரெகுலேட்டரை மூடுவது மறதிக்குப் பயந்துதான், யாருடைய மறதிக்கு. முனைக் கடைக்குக் கூட வருவது. மாடியில் போன். ஐயோ, என்னைப் பார்த்துக்கொள்ளத்தானே. நான் உங்களைக் குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன் என்று என்னென்ன திட்டம் போட்டேன், பெரிய மனுஷி. பர்னரை அணை. அணைத்தேனா? நீலம் தெரியவில்லை, அணைந்துதான் இருக்கிறது. குனிந்து இன்னொரு தடவை பார்க்கிறேன். அணைந்திருக்கிறது.

"என்னங்க."

உடனே வந்துவிட்டார். பேப்பர் படிக்கவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறார். ஒரு அரக்குக் கம்பியையும் ஒரு பாசிப்பச்சைக் கம்பியையும் அவர் கையில் கொடுத்தேன். "இதுல பச்சையை எடுத்துக் குடுங்க."

இரண்டையும் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கம்பியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார், எந்தப் பக்கம் நான் கண்ணை அசைப்பேன் என்று. முடி எவ்வளவு வெளுத்துவிட்டது இவருக்கு. ஒன்றை நீட்டினார். அரக்கு.

"இதானே தமா?"

"ஆமா, இதான்" என்று வாங்கிக்கொண்டேன். கேட்காமல் விட்டுவிடலாம், கேட்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓடும். கேட்டுவிட்டேன். "வியாழக்கிழமைக்கு எத்தனை டோக்கன் போட்டீங்க?"

கையில் மிச்சமிருந்த கம்பியை மேசையில் வைத்தார்.

"ஒன்னுதான்."

யார் பேரில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கையை என் தலைமேல் வைத்தார், கனமாக இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். தெரியும் என்றார். அழ மாட்டேன் என்று சொன்னவள்தான், அழுதேன். அப்புறம் முந்தானையால் துடைத்துக்கொண்டு, பழைய துவைக்கிற கல்லைக் காட்டினேன். "உக்காருங்க. இன்னும் பாதி கெடக்கு. நெறத்தை நான் சொல்றேன், தட்டை நீங்க சொல்லுங்க."

உட்கார்ந்தார். பர்னரை அவரே பற்றவைத்தார். அந்தப் பாசிப்பச்சையை நிறமில்லாத துண்டோடு சேர்த்து உருக்கி இழுத்தேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வளையுது" என்றார்.

"வளைஞ்சா மேல்தட்டா, கீழ்த்தட்டா?" என்று கேட்டேன். அவருக்கு ஒரு வேலை கொடுப்பதற்காகத் தெரிந்துகொண்டேதான் கேட்டேனா, தெரியாமல் கேட்டேனா என்று கேட்ட பிறகு யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன்.

"கீழ்த்தட்டு தமா" என்று சொல்லிவிட்டுக் கம்பியை வாங்கிக்கொண்டு எழுந்தார்.